வஞ்சான் என்றால் வஞ்சித்தானா?

மேலூர்ப் பக்கம், பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் பாய்கிற ஊர்களில் ஒன்று. நடவுக்கும் களையெடுக்கவும் போகிற அக்கா ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் சொன்னதை முதலில் அப்படியே எழுதிவிடுகிறேன். ஊர்ப் பெயரும் தன் பெயரும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

"வெள்ளனா நடவுக்குப் போயிட்டுத் திரும்புறேன். மூணு நாக் கூலி பாக்கி. டீக்கடை வாசல்ல இருந்தான். கேட்டேன். அத்தன பேரு நிக்கைல சாதியச் சொல்லி வஞ்சான். அங்குட்டுப் போயி நில்லுன்னான். நான் போகல. அங்கனயே நின்னேன். கூலியக் குடுத்துட்டுப் பேசுன்னேன்."

இதைச் செல்போனில் பதிவு செய்துகொண்டு மதுரைக்கு வந்தேன். புகார் மனு எழுத வேண்டும். நாங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிற வாக்குமூலத் தொகுப்பிலும் போட வேண்டும். இரவு பதினொரு மணி. பஸ்சில் நின்றுகொண்டே வந்த அலுப்பு. இப்போது எல்லார் கையிலும் இருக்கிற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் ஒன்றைத் திறந்து, அக்கா சொன்னதை உள்ளே போட்டு, 'தெளிவாகத் திருத்திக் கொடு' என்றேன். டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது:

"கூலித் தொழிலாளியான இப்பெண், தனக்குச் சேர வேண்டிய மூன்று நாள் ஊதியத்தைக் கோரியபோது வஞ்சிக்கப்பட்டார். மேலும், தகாத சொற்களால் அவமதிக்கப்பட்டு, ஒதுங்கி நிற்குமாறு அறிவுறுத்தப்பட்டார். இச்சம்பவம் அவருக்கு மிகுந்த மன உளைச்சலை ஏற்படுத்தியது."

ஒற்றுப்பிழை இல்லை. சந்தி சுத்தம். எம்.ஏ. தமிழ் படித்தவன் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. எனக்கும் முதலில் தெரியவில்லை. 'பரவால்லையே, நல்லாத்தான இருக்கு' என்றே நினைத்தேன். 'வஞ்சிக்கப்பட்டார்' என்ற இடத்தில்தான் சிரிப்பு வந்தது. எங்க பக்கம் வஞ்சான் என்றால் வைதான், திட்டினான். எந்திரத்துக்கு அது தெரியவில்லை. திட்டு வாங்கியவளை ஏமாந்தவளாக்கிவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது.

முதலாவது, ஆளைக் காணோம். அக்கா பேச்சில் ஒவ்வொரு வினைக்கும் ஆள் உண்டு. இருந்தான், வஞ்சான், சொன்னான். திருத்திய பிரதியில் எல்லாமே 'பட்டார்'. செயப்பாட்டு வினைக்கு இலக்கணத்தில் விதி உண்டு. ஆனால் எங்க ஆத்தாமார் வாயில் அது வருவது அரிது. அடித்தவன் யாரென்று தெரிந்தவர்கள் 'அடிக்கப்பட்டேன்' என்று ஏன் சொல்லப் போகிறார்கள்? அதோடு 'சம்பவம்' என்று ஒரு சொல். 1997 ஜூன் 30 அன்று இதே மேலூர்ப் பக்கத்தில், பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் பஸ்சை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அதையும் 'மேலவளவு சம்பவம்' என்றுதான் எழுதினார்கள். சம்பவம் என்றால் தானாக நடந்தது போல. மழை பெய்த மாதிரி.

இரண்டாவது, சாதியைக் காணோம். சாதியைச் சொல்லித் திட்டியது 'தகாத சொற்கள்' ஆகிவிட்டது. மூன்றாவது, டீக்கடை வாசலும் அங்கே நின்ற அத்தனை பேரும் காணோம். நான்காவது, 'அங்குட்டுப் போயி நில்லு' என்ற அதிகாரம் 'அறிவுறுத்தல்' ஆகிவிட்டது.

ஐந்தாவதுதான் என்னை உறைய வைத்தது. 'நான் போகல. அங்கனயே நின்னேன்.' அது இல்லவே இல்லை. அதற்குப் பதிலாக, அக்கா சொல்லாத மன உளைச்சல் வந்து உட்கார்ந்திருக்கிறது. எதிர்த்து நின்ற ஒருத்தி நாலு வரிக்குள் பரிதாபத்துக்குரியவளாகிவிட்டாள். கோபம் போய்விட்டது, வேதனை வந்துவிட்டது. நம்மைப் பற்றி ஆதிக்க சாதிக்காரர்கள் இரக்கத்தோடு எழுதும்போதெல்லாம் நடப்பது இதுதானே? நாம் அழுதால் அவர்களுக்குப் புரிகிறது. நின்றால் புரிவதில்லை.

இதை வெறும் மொழிநடைப் பிரச்சினை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015-ல் செய்த திருத்தத்துக்குப் பின், 3(1)(ஆர்), 3(1)(எஸ்) என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. பொதுமக்கள் பார்வையில் படுகிற இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும், அப்படிப்பட்ட இடத்தில் சாதிப் பேரைச் சொல்லித் திட்டுவதும் குற்றம். 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில், வெளியாட்கள் யாரும் இல்லாமல் நாலு சுவருக்குள் சொன்னது இதில் வராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் 'டீக்கடை வாசல்', 'அத்தன பேரு நிக்கைல', 'சாதியச் சொல்லி' ஆகிய மூன்றும்தான் வழக்கின் உயிர். எந்திரம் 'தெளிவுக்காக' எடுத்துப்போட்டது இந்த மூன்றையும்தான். அந்த மனுவை அப்படியே கொடுத்திருந்தால் அது கூலித் தகராறு என்று மூலையில் போயிருக்கும். அக்கா கொச்சையில் சொன்னதுதான் சட்டத்துக்குத் தெளிவாக இருந்தது. செந்தமிழ்தான் மங்கலாக இருந்தது.

எந்திரத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் எந்திரம் வருவதற்கு முன்னால் இந்த வேலையைச் செய்தது யார்? திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர் செய்தார். ஸ்டேஷன் எழுத்தர் செய்தார். பத்திரிகை நிருபர் செய்தார். நானும் செய்தேன்.

எம்.ஏ. படிக்கும்போது எங்க தெருவில் ஓர் அப்பத்தாவின் கதையைக் கேட்டு எழுதி ஒரு சிறுபத்திரிகையில் போட்டேன். முழுக்க நல்ல தமிழ். உவமை எல்லாம் போட்டிருந்தேன். அச்சானதும் பெருமையாகக் கொண்டுபோய் அதுக்கிட்ட வாசித்துக் காட்டினேன். வெத்தலையை மென்றுகொண்டே கடைசி வரைக்கும் கேட்டது. "நல்லாருக்குய்யா. யாரு இந்தப் பொம்பள?" என்றது. நான் வாயடைத்துப் போனேன். அப்போது எந்தச் செயலியும் என் கையில் இல்லை. நான் படித்த தமிழே எந்திரம் மாதிரி வேலை செய்திருந்தது. என் வீட்டுப் பேச்சை நானே பிழை என்று அடித்துத் திருத்தியிருந்தேன். அதற்குப் பல்கலைக்கழகம் எனக்குப் பட்டமும் கொடுத்தது.

இந்தத் திருத்தலுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 'இழிசனர் வழக்கு' என்ற சொற்றொடரை நம் பண்டிதர்கள் எவ்வளவு காலம் சுமந்து திரிந்தார்கள்! 1960-களின் தொடக்கத்தில் இலங்கையில் டொமினிக் ஜீவா, கே. டானியல் போன்றவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சைக் கதையில் எழுதியபோது, இது இழிசனர் வழக்கு, இது இலக்கியமல்ல என்று மரபுவாதிகள் கிளம்பினார்கள். யாருடைய வழக்கு இழிந்தது, அதைச் சொல்கிறவன் யார் என்று இவர்கள் திருப்பிக் கேட்டார்கள். 1972-ல் டானியலின் 'பஞ்சமர்' வந்தது. இங்கே 1992-ல் பாமாவின் 'கருக்கு' வந்தது. அதை வெளியிட்டது சென்னைப் பெரும் பதிப்பகம் எதுவும் அல்ல. நம் மதுரையிலிருந்த சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம். பேச்சில் தொடங்கிப் பேச்சிலேயே போகிற தன்வரலாறு. பின்னர் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போனது. இன்று கல்லூரிப் பாடம். 1992-ல் இன்றைய செயலி இருந்து, அந்தக் கையெழுத்துப் பிரதியை அதில் போட்டு 'தெளிவாகத் திருத்து' என்று யாராவது சொல்லியிருந்தால்? பிழையில்லாத ஒரு புத்தகம் வந்திருக்கும். கருக்கு வந்திருக்காது. பனங்கருக்கை வழவழவென்று சீவிவிட்டால் அது வெறும் மட்டைதானே?

எந்திரம் ஏன் இப்படிச் செய்கிறது? அதற்குத் தனியாகச் சாதிவெறி இருப்பதாக நான் சொல்லவில்லை. எழுதி வைக்கப்பட்டதை மலைமலையாக விழுங்கி, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கற்றுக்கொண்ட பொருள் அது. தமிழில் எழுதி வைத்தவர்கள் யார்? யாருக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது? நாளிதழ் செய்தியும் அரசாங்க அறிக்கையும் அதற்குள் போயிருக்கும். மேலூர் நடவுக்காரியின் பேச்சு எவ்வளவு போயிருக்கும்? நிறையப் பேர் எழுதியது எதுவோ அதுவே அதற்குச் சரி. மற்றது பிழை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2024-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரே பொருளுள்ள வாக்கியத்தை அமெரிக்கக் கறுப்பர்களின் பேச்சிலும் பொது ஆங்கிலத்திலும் கொடுத்து, இதைப் பேசுகிறவர் எப்படிப்பட்டவர், என்ன வேலை பார்ப்பார் என்று இந்த எந்திரங்களைக் கேட்டார்கள். கறுப்பர் பேச்சுக்கு மதிப்புக் குறைந்த வேலைகளைச் சொன்னது. கற்பனை வழக்கொன்றைக் கொடுத்தபோது அவர்களுக்கே மரண தண்டனையைக் கூடுதலாகத் தந்தது. கறுப்பர்களைப் பற்றி நேரடியாகக் கேட்டாலோ நல்லதாகவே பேசியது. எனக்கு ஆச்சரியமாக இல்லை. 'இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா' என்று நேரில் சொல்லிவிட்டு, நாம் வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசியதும் 'நீங்க எந்தப் பக்கம்?' என்று கேட்கிறவர்கள் நடுவில்தானே வாடகைக்கு வீடு தேடுகிறோம்!

அமெரிக்காவில் ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பின எழுத்தாளர், ஆப்பிரிக்காவிலிருந்து கடைசியாக வந்த அடிமைக் கப்பல்களில் ஒன்றில் கொண்டுவரப்பட்டு உயிரோடிருந்த முதியவர் கட்ஜோ லூயிஸின் வாக்குமூலத்தை அவர் பேசியபடியே எழுதி வைத்தார். 1931-ல் பதிப்பகம், பேச்சுவழக்கை எடுத்துவிட்டு நல்ல மொழியில் மாற்றித் தா என்றது. ஹர்ஸ்டன் மறுத்தார். அந்தப் புத்தகம் 'பராக்கூன்' என்ற பெயரில் 2018-ல்தான் வெளிவந்தது. அவர் இறந்து 58 ஆண்டுகள் கழித்து. 1936-ல் லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் அம்பேத்கரின் உரையில் சில பகுதிகளை மாற்றச் சொன்னதும், ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று அவர் மறுத்ததும், மாநாடே ரத்தானதும், தன் சொந்தச் செலவில் அதை அச்சிட்டதும் நாம் அறிந்ததே. அந்த உரையில் தெளிவுக்கு என்ன குறைச்சல்? அவர்கள் கேட்டது தெளிவு அல்ல. கேட்கிறவர்களுக்கு உறுத்தாமல் இருக்க வேண்டும் என்பதுதான். எனவே 'தெளிவாக்கு' என்று யார் சொன்னாலும், மனிதரோ எந்திரமோ, நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: யாருக்குத் தெளிவாக?

இவ்வளவும் சொன்ன பிறகு, அப்படியானால் இதைத் தொடவே கூடாதா என்று தோழர்கள் கேட்பீர்கள். நான் தொடுகிறேன். மறைக்க விரும்பவில்லை.

எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு தம்பி நன்றாகப் பேசுவான். எழுதச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவான். பள்ளிக்கூடத்தில் ல, ழ, ள மாற்றி எழுதியதற்கு வகுப்பு முழுக்கச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். அவனுக்கு இந்த எந்திரம் சிரிக்காத வாத்தியார். எழுத்துப்பிழையைத் திருத்துகிறது, எத்தனை முறை கேட்டாலும் சலித்துக்கொள்வதில்லை. அவன் இப்போது எழுதுகிறான். கையில் காசிருப்பவனுக்குப் படித்துத் திருத்திக் கொடுக்க மாமன் மச்சான் இருந்தார்கள், பேராசிரியர்கள் இருந்தார்கள். முதல் தலைமுறையாய் எழுத வருகிறவனுக்கு யார் இருந்தார்கள்? இந்தக் கருவியைத் தொடாதே என்று அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குரலைக் காப்பாற்றுகிறேன் என்று கொச்சையைக் கும்பிட ஆரம்பித்தால் அது வேறு பொறி. 'மதுரை வட்டார வழக்கில் எழுது' என்று ஒரு நாள் எந்திரத்திடம் சொல்லிப் பார்த்தேன். சினிமாவில் அரிவாளோடு வருகிறவன் பேச்சைக் கொடுத்தது. அது எங்கள் பேச்சு அல்ல. எங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கிற பேச்சு. தலித் எழுதினால் மண்வாசனை வீச வேண்டும் என்று எதிர்பார்க்கிற இலக்கிய ரசிகர்களும் இதையேதான் கேட்கிறார்கள். 1907-ல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாச பண்டிதர் பண்டிதத் தமிழில்தான் எழுதினார். அது அவருடைய குரல் இல்லையா? நான் படித்த தமிழும் என் குரலில் கலந்துதான் கிடக்கிறது. எங்க அம்மா களையெடுத்த கூலியில் வாங்கிய தமிழ் அது. அதையும் விட்டுத்தர மாட்டேன். குரல் என்பது வட்டாரச் சொல் மட்டும் அல்ல. யார் செய்தான் என்று சொல்கிறோமா மறைக்கிறோமா, எதை முதலில் சொல்கிறோம், எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம், எங்கே அழ மறுக்கிறோம்: இதெல்லாம் சேர்ந்ததுதான் குரல்.

அதனால் இப்போது நான் வேலை செய்கிற விதம் வேறு. 'திருத்திக் கொடு' என்று கேட்பதில்லை. 'வாசிக்கிறவர் எங்கே தடுமாறுவார் என்று குறித்துக் காட்டு. ஒரு சொல்லையும் நீ மாற்றாதே' என்கிறேன். நல்ல கேள்விகள் வருகின்றன. 'கடை வாசலில் இருந்தவர் யார் என்று சொல்லவில்லையே, கூலி தர வேண்டியவர் அவரா?' என்று கேட்டது. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அக்காவிடம்தான் இருக்கிறது, அதனிடம் இல்லை. எழுத்துப்பிழை, தேதி, எது முன்னே எது பின்னே என்ற வரிசை, இவற்றில் அதன் உதவியை வாங்கிக்கொள்கிறேன். எழுவாயிலும் வினையிலும் கை வைக்க விடுவதில்லை. ஒரே விஷயத்தை மூன்று தரம் சொன்னால் மூன்று தரமும் இருக்கட்டும். மூன்று தரம் நடந்திருக்கும். ஆட்களின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுத்தான் உள்ளே போடுகிறேன். நாம் போடுவது எங்கே போய்ச் சேருகிறது என்பது நம் கையில் இல்லை. மூலப் பதிவை அழிப்பதில்லை.

இதெல்லாம் தொழில் முறை. அறம் என்று ஒன்று இருந்தால் அது வேறிடத்தில் இருக்கிறது. அதை எந்தத் தத்துவப் புத்தகத்திலும் நான் தேடவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 154-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் 173-ஆம் பிரிவாக இருக்கிறது. ஒருவர் வாயால் சொன்ன புகாரை எழுதிக்கொண்டால், அதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. எத்தனை இடத்தில் நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஆனால் விதி சரியான விதி. போலீசுக்கு மட்டுமா அது? எழுத்தாளனுக்கும் அதுதான் விதி. எடுத்த வாக்குமூலத்தை எதை வைத்து வேண்டுமானாலும் திருத்து. திருத்தியதைச் சொன்னவர் முன்னால் வாசி. 'ஆமா, நான் சொன்னதுதான்' என்றால் அது தெளிவு. 'யாரு இந்தப் பொம்பள?' என்றால் நீ எழுதியது திருட்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போனேன். மனுவில் நடந்ததை என் தமிழில் சுருக்கமாக எழுதி, அவன் சொன்னதையும் அக்கா சொன்னதையும் மேற்கோளுக்குள் அப்படியே வைத்திருந்தேன். வஞ்சான் வஞ்சானாகவே இருந்தான். நின்னேன் திரும்பி வந்திருந்தது. அதைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு வாசித்தேன். அக்கா கவனமாகக் கேட்டது.

"எல்லாஞ் சரித்தான் தம்பி. ஒன்ன மட்டும் மாத்து."

எனக்குத் திக்கென்றது. எதை என்றேன்.

"நின்னேன்னு இருக்குல்ல. அன்னைக்கு வெறியில சொல்லிட்டேன். நான் மட்டுமா நின்னேன்? எங்கூட நடவுக்கு வந்த மூணு பேரும்தான் நின்னாளுக. கூலி அவளுகளுக்கும்தான் பாக்கி. நின்னோம்னு போடு."

நின்னோம் என்று போட்டேன். சாட்சிக்கு மூன்று பேர் கிடைத்தார்கள். மனு போயிருக்கிறது, நான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருத்திக்கு எழுத வராது, கைநாட்டு. அவளுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

அந்தத் திருத்தத்தை எந்திரத்தால் செய்திருக்க முடியாது. அக்காவின் குரலைக் காப்பாற்றிக்கொண்டிருந்த என்னாலும் முடியவில்லை. அன்றைக்கு அந்த வாசலில் நின்றவளால்தான் முடிந்தது.